போதுமா என்று கேட்டேன்

இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை. அன்று நான் குடித்திருக்கவும் இல்லை, அரைத் தூக்கத்திலும் இல்லை. பேய் பிசாசு என்று சொல்ல நேரம்கூடச் சரியில்லை. இரவு ஏழரைதான்.

ஒரு கல் குவாரியில் காவலர்களுக்கு நான் மேற்பார்வையாளன். என் மனைவியின் தம்பியையும் அங்கேயே வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தேன். எல்லோரும் அவனுக்கு வைத்த பெயர் ரேடியோ. வாயை மூடத் தெரியாதவன். மணி என்ன என்று கேட்டால், அந்தக் கடிகாரம் வாங்கின கதையிலிருந்து ஆரம்பிப்பான்.

அந்த வாரம் மாதிரிக்கு ஒரு டார்ச் வந்திருந்தது. பிடி ஒல்லி, தலை மட்டும் டம்ளர் அகலம். ஒரு கிலோமீட்டர் தூரம் அடிக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. காவலர் எல்லோருக்கும் வாங்கலாமா என்று பார்த்துச் சொல்லும்படி மேனேஜர் என்னிடம் கொடுத்தார். பெட்டியில் இருப்பதைப் படித்துவிட்டுத் தலையாட்டுகிற ஆள் இல்லை நான். நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

குவாரிப் பள்ளத்தின் விளிம்பை ஒட்டி ஒரு மண்பாதை போகும். நூறு மீட்டருக்கு ஒரு வெள்ளையடித்த கல், மொத்தம் ஆறு. ஆறாவது கல்லோடு பாதை முடிந்துவிடும். அதற்கப்பால் பள்ளம்தான். கீழே ஆழமாகத் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். ரேடியோ, இருட்டில் மின்னும் பட்டை வைத்த மேல்சட்டையுடன், வாக்கி டாக்கியோடு கல் கல்லாக நடந்து போக வேண்டும். நான் லாரி எடை போடும் மேடையில் நின்று வெளிச்சம் அடிப்பேன். நடக்க இது போதுமா என்று கேட்பேன். போதும், போதாது, இரண்டில் ஒன்றுதான் பதில். வேறு பேச்சே கூடாது என்று கறாராகச் சொல்லி அனுப்பினேன்.

முதல் கல்லில், "போதும் மாமா, என் கல்யாணத்துக்கே இவ்வளவு லைட் போடல" என்றான். ஒரே வார்த்தை என்று அதட்டினேன்.

இரண்டாவது கல்லிலும் வெளிச்சம் நூல் பிடித்த மாதிரி போய் விழுந்தது. விழுந்த இடம் பட்டப்பகல். அதற்கு ஒரு முழம் தள்ளிக் கும்மிருட்டு.

"மாமா, மூஞ்சில அடிக்கிறீங்க. கால் வைக்கிற எடம் தெரியல."

"போதுமா போதாதா, அத மட்டும் சொல்லு."

மூன்றாவது கல். முழு வெளிச்சத்துக்கான பொத்தானை அழுத்தினேன். நேராக அவன் முகத்தில் போய் விழுந்தது. முழங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டான்.

"போதுமா?"

"போதும் மாமா... போதும்."

எனக்கு ஒரே பெருமை. முந்நூறு மீட்டரில் போதுமென்கிறானே. டார்ச்சின் தலை சுட்டது. ஆறட்டும் என்று அணைத்தேன். மணி 7:42.

இருட்டில் எங்கோ கல் சரிந்தது. சரசரவென்று... அப்புறம் ஒன்றுமில்லை. குவாரியில் எப்போதும் கல் சரியும்.

ஒரு நிமிடம் கழித்து மறுபடி போட்டேன். அதற்குள் நாலாவது கல்லில் நின்றிருந்தான். பட்டைகள் மின்னின. கனத்த உடம்பு அவனுக்கு. நூறு மீட்டர் நடக்க இரண்டு இடத்தில் நிற்பான்.

"போதுமா?"

வாக்கி டாக்கி கரகரத்தது.

"போதும்."

மூச்சு வாங்கவில்லை. மாமா என்று சொல்லவில்லை. ஒரு வழியாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டான் என்று, பாவி, நான் மெச்சிக்கொண்டேன்.

ஐந்தாவது கல். வெளிச்சத்தைக் கல்லின் அடியில்தான் வைத்திருந்தேன். அவன் முழங்கை மட்டும் இன்னும் முகத்தை மறைத்தபடியே இருந்தது.

"போதும்."

நான் இன்னும் கேட்கவே இல்லை.

ஆறாவது கல். பின்னாலிருந்த பாறையில் கல்லின் நிழல் விழுந்தது...

அவன் நிழல் விழவில்லை.

"டேய், போதும். திரும்பி வா."

கரகர...

"போதும்."

அதே குரல். ஏறவில்லை, இறங்கவில்லை.

நடந்தான். என்னை நோக்கி அல்ல.

கல்லைத் தாண்டி...

அங்கே தரை கிடையாது.

அவன் விழவில்லை.

நின்றான்.

"போதும்... போதும்..."

டார்ச் என் கையிலிருந்து நழுவியது. எடுத்து அடித்தபோது கல் மட்டும் இருந்தது.

கத்தினேன். லாரி ஓட்டுநர்கள் ஓடி வந்தார்கள், பிறகு தீயணைப்பு வண்டி வந்தது. எங்கே விழுந்தார் என்று கேட்டார்கள். ஆறாவது கல்லுக்கு அப்பால், தண்ணீரில் என்றேன். நன்றாகத் தெரியுமா என்றார்கள். என் கண்ணால் பார்த்தேன் என்று அடித்துச் சொன்னேன். இரவு முழுக்கத் தண்ணீரைத் துழாவினார்கள்.

விடிந்த பிறகு, மூன்றாவது கல்லுக்கு நேர் கீழே, காய்ந்த பாறையில் அவன் கிடப்பதை ஓர் ஓட்டுநர் பார்த்தார். வாக்கி டாக்கி அவன் உடம்புக்கு அடியில் மூன்று துண்டாக இருந்தது.

ஆஸ்பத்திரி நடையில் என் மனைவி அழாமல் கேட்டாள். "வாய மூடாத பய. ஒரு தடவகூட உங்களக் கூப்பிடலையா?"

மூன்றாவது கல்லில் அவன் சொன்ன 'போதும்' பதிலா, கெஞ்சலா என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. அதற்குப் பிறகு சொன்னது யார் என்று இன்றுவரை தெரியாது.

டாக்டர் வெளியே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"விழுந்த உடனே உயிர் போகல. இடுப்பும் விலா எலும்பும்தான் ஒடஞ்சிருக்கு. குரல் எழும்பியிருக்காது. ஆனா பன்னெண்டு மணி வரைக்குமாவது உயிரோட இருந்திருக்கார்."

பன்னிரண்டு மணிக்கு அந்த டார்ச் என் கையில்தான் இருந்தது. ஆறாவது கல்லுக்குக் கீழே, தண்ணீருக்கு அடித்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் போதுமா என்று முங்குகிறவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.