பெட்டிக்குள் அப்பளம்

என் அக்கா புருஷன் ஸ்டானிஸ்லாஸுக்குக் கடலுக்கு அடியில் வேலை. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி, எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியின் கப்பல் அணையும் ஜெட்டித் தூண்களைத் தடவிப் பார்த்துவிட்டு மேலே வந்து நிலவரம் சொல்வார். இடது கையில் மோதிர விரல் கிடையாது. அதே ஜெட்டியில் இரும்பு வடத்தில் சிக்கிப் போய்விட்டது.

1972-இல், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில், ஏழாம் தூணில் விரிசல் என்றார். இன்ஜினியர் ஹென்றி நம்பவில்லை.

"நீ கீழே போறதே இல்லையாம். பாதியில உக்காந்துட்டு வந்து கதை விடுறியாம். போட்டோ காட்டு, இல்லேன்னா வேலையை விட்டுப் போயிடு."

பதினோரு வருஷம் உப்புத் தண்ணீரில் ஊறியவரைப் பொய்யன் என்றால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஆனால் கேமரா என்னுடையது. ராயபுரத்தில் சர்ச் கல்யாணங்களைப் படம் பிடித்து வயிறு வளர்க்கும் வால்டர் நான்தான். தபசு காலத்தில் கல்யாணம் கிடையாது, அதனால் கேமரா சும்மா இருந்தது. மாமா அதைக் கேட்டபோது மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

"நனைஞ்சா ஈஸ்டர் முடிஞ்சு நான் பிச்சை எடுக்கணும் மாமா" என்றேன்.

"உன் கேமரா அப்புறம் போவும் மச்சான். மொதல்ல அப்பளம் போவும்."

பொரித்த அப்பளத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடி, கடலில் இறக்கி எடுப்பது அவர் கண்டுபிடித்த பரீட்சை. ஒரு சொட்டு புகுந்தாலும் நமுத்துவிடும். அப்பளம் பொரித்து உள்ளே வைத்து மூடித் தருவது என் அக்கா ஃப்ளோரன்ஸின் பொறுப்பு.

வெந்நீர் ரப்பர் பையில் அப்பளம் கூழானது. ஈயம் பூசி அடைத்த பிஸ்கட் டின் நசுங்கி வந்தது. பிறகு திருவொற்றியூர் லேத் பட்டறை எத்திராஜ் ஒரு பித்தளைப் பெட்டி செய்தார். முன்னால் தடித்த கண்ணாடி, மூடிக்கு லாரி டியூபில் வெட்டிய வளையம், பொத்தானை அழுத்த வெளியிலிருந்து ஒரு கம்பி. பார்த்தாலே நம்பிக்கை வந்தது. அப்பளம் நமுத்தது.

எத்திராஜ் வளையத்தை மாற்றினார். நமுத்தது. மறுபடி மாற்றினார். மறுபடியும் நமுத்தது.

"என் வேலையில ஓட்டை இல்ல நைனா. உங்க அப்பளம் கலீஜ்" என்று கோபித்துக்கொண்டார்.

நான்காம் முறை கடல் கொந்தளித்ததால் பெட்டி படகில்கூட ஏறவில்லை. சாயங்காலம் சும்மா திறந்து பார்த்தேன். உள்ளே அப்பளம் நமுத்திருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே அக்காவிடம் போனேன்.

"சர்ச்சுல மந்திரிச்ச தண்ணி கொஞ்சம் உள்ள தெளிச்சேன்" என்றாள். "புது படகுக்கே தெளிக்கிறோம். இதுல உன் பொழப்பே கீது, சும்மா அனுப்புவாங்களா?"

எத்திராஜிடம் மன்னிப்பு கேட்கப் போனது நான்தான். அடுத்த முறை அக்கா பெட்டிக்கு வெளியே மட்டும் தெளித்தாள். கடலுக்குள் போய்வந்த அப்பளம் மொறுமொறுவென்று நொறுங்கியது. அக்கா, மாமா, நான் மூன்று பேரும் நின்றபடியே தின்றோம்.

மறுநாள் மத்தியானம், தண்ணீர் தெளிவாக இருந்தபோது, கேமரா இறங்கியது. ஃபிலிமை வெளியிலிருந்து சுற்ற வழியில்லை, அதனால் ஒரு முழுக்குக்கு ஒரு படம்தான். படகில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த எல்லா ஜெபத்தையும் சொன்னேன், மாமாவுக்குப் பாதி, கேமராவுக்குப் பாதி. நான்கு முழுக்கில் ஒரு படம் தேறியது.

அதை ஹென்றியின் மேஜையில் வைத்தோம். தூணில் ஒரு சாண் விரிசல். அளவு தெரிய அதன் மேல் விரித்து வைத்த மாமாவின் இடது கை. அந்த மோதிர விரல் போன விபத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவரே ஹென்றிதான். விரிசலை விட்டுவிட்டு அந்தக் கையையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்து ஜெட்டியில் வேலையை நிறுத்தச் சொன்னார்.

"உக்காருங்க, ஸ்டானிஸ்லாஸ்."

பதினோரு வருஷத்தில் அந்த அறையில் மாமாவை யாரும் உட்காரச் சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னும் எட்டாம் தூணு பாக்கி கீது சார்" என்று மாமா வெளியே நடந்தார்.