என் ரசனை வளர்ந்த கதை

பாட்டைப் பற்றி நான் இப்போது யாரிடமும் வாய் கொடுப்பதில்லை. இருபது வயதில் அப்படியில்லை. எது நல்ல பாட்டு, எது குப்பை என்று தீர்ப்பு சொல்வதற்கென்றே பிறந்தவன் போலப் பேசித் திரிந்தேன். அந்தத் தீர்ப்புகளையெல்லாம் முகம் கோணாமல் கேட்டுக்கொண்டவள் என்னைவிட இரண்டு வயது இளைய என் தங்கை. வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவர் ரயில்வேயில் கேட் கீப்பர். திருவள்ளூருக்கும் கடம்பத்தூருக்கும் நடுவில் லெவல் கிராசிங்கை ஒட்டி எங்களுக்கு ஓர் அறையும் சமையல் இடமும் கொடுத்திருந்தார்கள். ரேடியோ கிடையாது. அறுபதுகளின் நடுவில், எனக்குப் பத்துப் பதினோரு வயது இருக்கும்போது, எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் கேட் மூடியிருக்கும் நேரத்துப் பாட்டுதான். வந்து நிற்கும் வண்டிகளில் யாராவது ஒருவர் டிரான்சிஸ்டர் வைத்திருந்தால் அன்றைக்கு எங்களுக்கு யோகம். நானும் பாப்பாவும் ஓடிப்போய் அந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொள்வோம். கடப்பது கூட்ஸ் ரயில் என்றால் ஒரு பாட்டு முழுசாகக் கிடைக்கும். பாசஞ்சர் என்றால் பல்லவி முடிந்து பாதி சரணத்தில் நைனா கேட்டைத் திறந்துவிடுவார். பாட்டு ரோட்டில் போய்விடும்.

"மீதி எங்க?" என்று நான் பாப்பாவைக் கேட்பேன். அவள் சினிமாக் கொட்டகை வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து, சரணத்துக்குத் தானே ஒரு மெட்டுப் போட்டுப் பாடுவாள். மெல்லிய, உச்சியில் போய் நிற்கும் குரல் அவளுக்கு. பின்னால் எப்போதாவது நிஜ மெட்டைக் கேட்க நேர்ந்தால் எனக்கு அது தப்பாகத் தெரியும். அந்த வயதில் எனக்குப் பிடித்ததெல்லாம் சன்னமான சத்தங்கள்தான். புல்லாங்குழல், பஜனைக் கோஷ்டியின் ஜால்ரா, அப்புறம் பாப்பா.

ஐ.டி.ஐ.யில் சேர்ந்ததும் ரசனை மாறியது. திருவள்ளூர் டீக்கடையில் நாலு பேராக உட்கார்ந்து ஆண் குரல் சோகப் பாட்டுகளாகக் கேட்டோம். எங்களில் ஒருவனுக்கும் காதல் இல்லை, ஆனால் காதல் தோல்வி எல்லோருக்கும் இருந்தது. பிறகு இந்திப் பாட்டு. ஒரு வார்த்தை புரியாமல் தலையை ஆட்டிக்கொண்டு, தமிழ்ப் பாட்டில் என்ன இருக்கிறது என்று வீட்டில் வந்து பாப்பாவிடம் அலட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். வாசல் தெளிக்கும்போது பாட்டு, அரிசி களையும்போது பாட்டு. என்ன அலட்டினாலும், அவள் உச்சிக்குப் போகும் இடத்தில் நான் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பது மட்டும் மாறவில்லை.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தகரக் கொட்டகைக்குள் ஆறு பிரஸ் மெஷின். ஒவ்வொன்றும் இறங்கும்போது நெஞ்செலும்பு வரை அதிரும். உள்ளே யாரும் பேசுவதில்லை, கையால்தான் பாஷை. முதல் வாரம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போனேன். பக்கத்து மெஷின்காரர் அதைப் பிடுங்கிப் போட்டார்.

"இன்னாடா, புதுப் பொண்ணு மாதிரி காத மூடிக்கினு நிக்கிற? போர்மன் கூப்ட்டா எப்படிக் கேக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் பஞ்சு வைக்கவில்லை.

அங்கேயே அறை எடுத்துத் தங்கி, வாரம் ஒருமுறை ரயில் மாறி வீட்டுக்கு வருவேன். மூன்றாவது வருடத்தில் என் ரசனை மறுபடியும் மாறியது. பெண் குரல் பாட்டுகள் சலித்துப்போயின. புல்லாங்குழலில் உயிர் இல்லை என்று பட்டது. இப்போதைய பாட்டுகளில் ஜால்ராவையே விட்டுவிட்டார்கள் என்று குறைபட்டுக்கொண்டேன். தவில், உடுக்கை, சாவு மேளம், அடித் தொண்டையில் பாடும் ஆண்கள், இவைதான் பாட்டு என்றேன். வயது ஏற ஏற மனசுக்குக் கனம் தேவைப்படுகிறது என்று ஒரு தத்துவமும் சொன்னேன். அதை நான் முழுசாக நம்பினேன்.

பாப்பாவின் பாட்டையும் விடவில்லை. "இன்னா முணுமுணுன்னு பாடற? சத்தே இல்ல."

"போன வருசம் இதே பாட்டுக்குத்தாண்ணா சைக்கிள நிறுத்தினு நின்ன."

"அப்போ சின்னப் புள்ளத்தனம். ரசனை வளர வேணாமா?"

அதற்குப் பிறகு நான் வீட்டில் இருக்கும்போது அவள் பாடுவது குறைந்தது. பெரிய ரசிகன் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மீஞ்சூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை உரக்கடை வைத்திருந்தார். அன்று நான் ஷிப்ட் முடித்து, குளிக்கக்கூட நேரமில்லாமல் நேராக வந்து மூலையில் உட்கார்ந்தேன். அண்ணன் வேலை பர்மனென்ட்டா என்று மாப்பிள்ளையின் மாமா கேட்டார். நைனா நிமிர்ந்து உட்கார்ந்து ஆமாம் என்றார். ரிட்டையர் ஆக அவருக்கு எட்டு மாதம்தான் இருந்தது. அதோடு அந்த வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

பெண் பாடுமா என்று கேட்டார்கள். பாப்பா தலையைக் குனிந்தபடி ஒரு பழைய பாட்டை எடுத்தாள். எங்கள் கேட்டில் பாதியோடு போன பாட்டுகளில் ஒன்று. பல்லவி பாடினாள். சரணத்தில் நாலு வார்த்தை கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. வெட்கத்தில் நிறுத்திவிட்டாள் என்று நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று பதறி, தைரியம் சொல்லும் குரலில் கேட்டேன்.

"இன்னா பாப்பா, அதோட நிறுத்திட்ட? மீதி எங்க?"

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாப்பா தலையைத் தூக்கினாள். அவள் வாய் இன்னும் திறந்தே இருந்தது. அவள் நிறுத்தவில்லை. உச்சியில் நின்றுகொண்டிருந்தாள்.

மாமாதான் முதலில் சிரித்தார். "அண்ணனுக்கு இன்னொரு தபா கேக்கணுமாம், பாடும்மா."

அவள் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சுருதியை வெகுவாகக் கீழே இறக்கி, கிட்டத்தட்ட ஓர் ஆணின் குரலில், முதலிலிருந்து பாடினாள். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது. அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போய் அன்றே பூ வைத்துவிட்டார்கள்.

அவர்கள் போனதும் அவள் என்னைச் சமையல் பக்கம் இழுத்துக்கொண்டு போய் முகத்துக்கு நேராக நின்றாள்.

"எப்பலேர்ந்துண்ணா?"

"இன்னா எப்பலேர்ந்து?"

"நீ வந்தப்போ பின்னாடி நின்னு மூணு தபா கூப்ட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. ரசனை, தத்துவம், கனம் என்று பேசியதெல்லாம் நினைவுக்கு வந்து கூசிப்போனேன். இவளைப் போய் சத்தில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

டாக்டரிடம் போனேன். கவட்டை போல ஓர் இரும்பைத் தட்டிக் காதருகே வைத்தார். பெரியதைத் தட்டினால் கேட்டது, சின்னதைத் தட்டினால் அவர் கைதான் தெரிந்தது. போனது திரும்பாது, இருப்பது மிஞ்ச வேண்டுமானால் அந்த வேலையை விட வேண்டும் என்றார்.

பாப்பாவிடம் மட்டும் சொன்னேன். "கல்யாணத்தத் தள்ளிப் போடச் சொல்லட்டா?" என்றாள்.

"தள்ளிப் போட்டு?"

அண்ணன் வேலை பர்மனென்ட் என்று சொல்லித்தான் பூ வைத்திருந்தார்கள். நைனாவுக்குப் போக வேறு வீடும் இல்லை. திங்கட்கிழமை காலை பஞ்சை உருட்டி வைத்துக்கொண்டு பிரஸ் முன்னால் போய் நின்றேன். இந்த முறை யார் சிரித்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.

கல்யாணத்தில் தவில் நன்றாகக் கேட்டது. நாதஸ்வரம் விட்டு விட்டுக் கேட்டது.

அடுத்த வருடம் குழந்தையைப் பார்க்க மீஞ்சூர் போனேன். பாப்பா தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் குரலை இறக்கி, எனக்குக் கேட்கிற மாதிரி பாட ஆரம்பித்தாள். பழகாத குரல் கேட்டு, தூக்கத்தில் இருந்த குழந்தை விழித்துக்கொண்டு சிணுங்கியது. "உன் குரல்லயே பாடு பாப்பா" என்றேன்.

"அப்போ உனக்கு?"

"எனக்கு இன்னா. பாடு."

அவள் பாடினாள். உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. நான் தூளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் கண்கள் மெல்ல மெல்லச் சொக்கின. பாட்டு எந்த இடத்துக்கு வந்திருக்கிறது என்று எனக்கு அதை வைத்துத்தான் தெரிந்தது.