சித்தி கட்டிய பதிப்பு

எங்கள் சித்தப்பா இரண்டே இரண்டுக்குத்தான் பயப்படுவார். ஒன்று, கனடாவில் நாங்கள் இருந்த அஜின்கோர்ட் தெருக்களில் ஜனவரி மாதம் கண்ணுக்குத் தெரியாமல் உறைந்து கிடக்கும் ஐஸ். மற்றது, சித்தி கம்ப்யூட்டரை அப்டேட் செய்வது.

மற்ற வீடுகளில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் அது பெரிய காரியம். எவரும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய ஓர் இயங்குதளத்தைச் சித்தி பேஸ்மென்ட் கம்ப்யூட்டரில் போட்டிருந்தார். புதிய பதிப்பு வந்தால் அதன் மூல நிரல் முழுவதையும் இறக்கி, அதிலிருந்து இயங்கும் பதிப்பைத் தானே கட்டுவார். கறுப்புத் திரையில் எழுத்துகள் மணிக்கணக்காக ஓடும். பெட்டி நன்றாகச் சூடாகிவிடும். அதன் பின்னால் கால்களை நீட்டி நான் குளிர்காய்வேன். எனக்கு அப்போது எட்டு வயது. சித்தியை மிகவும் பிடிக்கும், அந்தச் சூட்டையும் பிடிக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவுக்குக் கிரிக்கெட் மேட்ச் இருந்தது. அதைப் பார்ப்பதும் அந்தக் கம்ப்யூட்டரில்தான். சித்தி புதிய பதிப்பைக் கட்டி முடித்து மறுபடி இயக்கினார். திரை கறுத்தபடியே நின்றது.

“இனி ஏலாது. பிக்கரிங்கில இருக்கிற என்ர ஃபிரெண்டைக் கூப்பிட்டு, எல்லாரும் பாவிக்கிறதைப் போடுவிக்கப் போறன்,” என்று சித்தப்பா போனை எடுத்தார்.

சித்தியின் முகம் விழுந்துவிட்டது. “கொஞ்சம் பொறுங்கோ. பழசை அழிக்கேல்லை.”

பழைய பதிப்பைத் தெரிந்தெடுத்ததும் கம்ப்யூட்டர் எழும்பிவிட்டது. சித்தப்பா கதிரையில் சாய்ந்தார். “இது காணும். இனி உதில கை வைக்காதையும்.”

நியாயமான பேச்சுத்தான். ஆனால் சித்திக்கு அது போதவில்லை. மேட்ச் முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு, விட்டுப்போயிருந்த, திரையை இயக்கும் டிரைவர் நிரலைச் சேர்த்து மறுபடியும் கட்டத் தொடங்கினார். “இந்த முறையும் எழும்பாட்டி அவனைக் கூப்பிடுவன், சொல்லிப்போட்டன்,” என்று சித்தப்பா போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

எழும்பியது. தொடங்கும்போது ஓடும் வரிகளில் ஒன்று, அந்தப் பதிப்பைக் கட்டியவர் யார் என்று சொல்லும். சித்தி அதைத் தேடியெடுத்துத் திரையில் நிறுத்தினார். பழைய பதிப்பில் அவருடைய பெயருக்குப் பின்னால் சித்தப்பாவின் பெயர் இருந்தது. ஹெல்த் கார்ட்டிலும் வங்கி அட்டையிலும் அப்படித்தான். புதியதில் சித்தியின் அப்பாவின் பெயர் இருந்தது. கல்யாணமாகிக் கனடாவுக்கு வரும்வரை சித்தி எழுதி வந்த பெயர் அது.

வகுப்பில் எழுத்துப்பிழை பிடிப்பதில் நான் கெட்டிக்காரி. “சித்தி, லாஸ்ட் நேம் பிழையா வந்திருக்கு,” என்றேன்.

பின்னால் நின்ற சித்தப்பா குனிந்து அந்த வரியை ஒருமுறை வாசித்தார். பிறகு இன்னொரு முறை, மெதுவாக.

“இல்லைப் பிள்ளை, அது சரியாத்தான் கிடக்கு,” என்று போனைப் பொக்கெட்டுக்குள் போட்டார்.

அன்று அவருடைய அணி படுதோல்வி. சண்டை பிடிக்க மனிதரிடம் தெம்பில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.