அஸ்பூக்கின் மனைவி பிடித்த கத்தி

யவன ஆண்டு 145, கிஸ்லேவ் மாதம்: அரசன் தடைசெய்த விருத்தசேதனத்தைச் செய்த வீட்டைக் காட்டிக்கொடுப்பவனுக்கு 4 வெள்ளி.
145, ஆதார்: 8 வெள்ளி.
146, ஆவ்: 12 வெள்ளி.

எங்கள் யூத ஊரில் ஆண்பிள்ளைகளுக்குப் பிறந்த எட்டாம் நாள் நுனித்தோலை வெட்டி விருத்தசேதனம் செய்துவந்தவன் அஸ்பூக். 145 தேபேத் மாதத்தில் யவனப் படையினர் அவனைக் களத்துக்கு இழுத்துப்போய் இரண்டு கைகளையும் வெட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் செத்தான். அவன் மனைவி ஷெலோமித், இரத்தத்தில் கிடந்த சிறு கத்தியைக் கழுவி இடுப்பில் செருகிக்கொண்டாள். அதன்பின் அந்த வேலையை அவளே செய்தாள்.

146 ஆவ் மாதம் அவள் மகள் நோகாவுக்கு ஆண் பிறந்தது. மருமகன் ஏற்கெனவே யவனரோடு நடந்த மலைச் சண்டையில் செத்திருந்தான்.

"இவன வுட்டுடும்மா. உசுரோட இருக்கட்டும்."

"எண்ண முடியாத சந்ததியும் நாடும் தர்றேன்னு கடவுள் ஆபிரகாமுக்குக் குடுத்த வாக்குல இவனுக்குப் பங்கு வேணாமா?"

"நாட்டையே தர்றேன்னாரு. களத்துமேட்டக்கூட யவனன்ட்ட வுட்டுட்டாரே!"

"அவரு சொன்னது மலையளவு. நம்மகிட்ட கேட்டது சுண்டுவிரல் அளவு. அதையும் குடுக்காம எந்த மூஞ்சியோட போய்க் கேப்பே?"

எட்டாம் நாள் விடியும்போதே, பிள்ளை பிறந்ததை அறிந்த யவனரின் கூலிப்படையாள் ஒருவன் வந்து வாசலில் உட்கார்ந்தான். பகலில்தான் செய்ய வேண்டும், அதுவும் அன்றே என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

"தம்பி, பச்சப்புள்ளைக்குக் காவல் இருக்கவா உன்னைக் கடல் தாண்டி அனுப்புனாங்க?" என்றாள் ஷெலோமித்.

"கிழவி, உன் பேச்சுக்கு ஆடு கத்துறதே தேவல."

நோகா பிள்ளையின் துணியை விலக்கிக் காட்டினாள். "நாங்க ஒண்ணும் செய்யல, பாத்துக்கங்க. போயிடுங்க."

"பொழுது போனதும் போறேன்."

வெயில் சுவரில் ஏறியது. ஷெலோமித்தின் இடுப்பில் கத்தி இருந்தது. ஆனால் உடன்படிக்கைக்கான கத்தியால் மனிதனைக் குத்தமாட்டாள். திரிகையின் மேல்கல்லைத் தூக்கி அவன் பின்மண்டையில் அடித்தாள். விழுந்தவன் எழுந்து அவள் இடக்கையை முறுக்கி ஒடித்தான். வலக்கையால் கல்லை எடுத்து முகத்தில் போட்டாள். மறுபடியும் போட்டாள். கால் உதறல் நின்றது.

கைகளைக் கழுவிக்கொண்டு கத்தியை எடுத்தாள். ஒரு கையால் எப்படிச் செய்வது? அப்போது நோகா மண்டியிட்டுப் பிள்ளையின் தொடைகளை விரித்துப் பிடித்தாள்.

"சீக்கிரம்மா. வெயில் போகுது."

செய்து முடித்ததும் மகளைப் பிள்ளையோடு மலைக் குகைகளுக்கு அனுப்பிவிட்டாள். "நீயும் வாம்மா" என்று நோகா அழுதாள். "வீட்ல யாருமில்லேன்னா படைத்தலைவன் உடனே உன்னைத் தொரத்துவான். நான் இருந்தா என்னை அடிச்சுக் கேட்டுக்கிட்டு இருப்பான். ஓடு."

காலையில் படைத்தலைவன் வந்தபோது பிணத்தருகே உட்கார்ந்திருந்தாள். குதிரையில் கட்டிக் களம் வரை இழுத்தார்கள். பிள்ளை எங்கே என்று நண்பகல் வரை சவுக்கால் அடித்தார்கள்.

"எண்ண முடியாத கூட்டத்துல இருக்கான். போய்த் தேடு" என்றாள். தலையை வெட்டினார்கள்.

அந்த அரைநாளில் நோகா மலையேறிவிட்டாள். பிள்ளை குகையில்தான் நடக்கக் கற்றான். பெயர் அஸ்பூக்.

யூதர் தங்கள் முன்னோர் முறைப்படி வாழலாம் என்ற அரசனின் கடிதம் எங்கள் ஊருக்கு வந்த நாள்: 148, இய்யார் 3.