சும்மா விடுமுறைக்குத்தான் போகிறோம்

இன்று இங்கே கனடாவில், அஜின்கோர்ட் தமிழ் மீன் கடையில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

வரும் சனிக்கிழமை நானும் கணவரும் ஒரு கரீபியன் தீவுக்குப் போகிறோம் என்று கடைக்கார அன்ரியிடம் சொன்னேன்.

மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஆரைக் கூட்டிவரப் போறியள், பிள்ளை?"

"ஒருத்தரையும் இல்லை அன்ரி. சும்மா கடல் பாக்க."

"எனக்குச் சொல்லலாம். நான் வாய் திறக்கமாட்டன்."

கறுப்பர், இந்தியர், சீனர் எல்லோரும் கலந்து வாழும் அழகான இடமாம், அதைப் பார்க்கத்தான் என்றேன்.

"ஓம். அங்கை ஆரும் வித்தியாசமாய்த் தெரியமாட்டினம் எண்டுதான், கனடா கொண்டுவாறன் எண்ட ஏஜென்சிக்காரன் என்ர தம்பியை அங்கை விட்டவன். ஏழு மாதமாய் நிக்கிறான்."

உள்ளே போய் தம்பியின் படத்தையும் ஒரு பை மிளகாய்த்தூளையும் கொண்டுவந்தார்.

"விலாசம் இருக்கே அன்ரி?"

"இல்லைப் பிள்ளை. சின்னத் தீவுதானே, காணுவியள்."

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மீன் காசையும் வாங்க மறுத்துவிட்டார்.

இப்போது பெட்டியில் நீச்சலுடைக்கு மேலே மிளகாய்த்தூள். அதற்கு மேலே அவன், சிரித்தபடி.

இந்த மின்னஞ்சல் குழுவில் யாராவது சும்மா விடுமுறைக்குப் போய் வந்திருக்கிறீர்களா? ஊருக்கு என்ன பொய் சொல்லிவிட்டுப் போனீர்கள்?