இரண்டு முறை செத்த கதாநாயகன்

1. ஒன்பது பேர்

மதுரையில் ஒரு கல்லூரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும்போது முதல்வர் கூப்பிட்டார்.

"மேடம், செகண்ட் லாங்குவேஜ் பிரெஞ்சுக்கு இந்த வருஷம் ஒம்பது பேருதான். கிளாஸ மூடிருவோமான்னு மேனேஜ்மென்ட்ல கேக்குறாங்க. ஆண்டு விழாவுல ஏதாச்சும் பண்ணிக் காட்டுங்க. பாத்துட்டு முடிவு சொல்றேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "நாடகம் போடுறேன் சார். நீங்க அழுதுட்டுத்தான் போவீங்க" என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்த பிறகுதான் கையில் நாடகமே இல்லை என்று உறைத்தது.

2. வக்கீல் கவுன்

பிரெஞ்சு ரொமான்டிக் பாணியில் நானே தமிழில் ஒரு நாடகம் எழுதினேன். அதற்கு முந்தைய பிரெஞ்சு மேடையில் கட்டுப்பாடு அதிகம். கதை ஒரே இடத்தில், ஒரே நாளில் முடிய வேண்டும். சிரிப்பையும் அழுகையையும் கலக்கக் கூடாது. ரொமான்டிக்காரர்கள் அதையெல்லாம் தூக்கிப் போட்டார்கள். அவர்களுடைய நாயகனுக்கு ஊர் பேர் தெரியாத பிறப்பு, கறுப்பு அங்கி, எட்டாத இடத்தில் காதல், கடைசியில் பெரும்பாலும் சாவு. இதை வகுப்பில் வருடாவருடம் ஒப்பித்திருக்கிறேன்.

நாயகனாக நடித்தவன் அந்த ஒன்பது பேரில் ஒருவன், அலங்காநல்லூர் முத்துப்பாண்டி. மாடு பிடிக்கிற குடும்பம். காதலியைப் பார்க்கச் சொன்னாலும் வாடிவாசலைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பான். அங்கிக்கு என் வக்கீல் தோழியின் கவுன். விஷம் குடித்ததும் அவன் சொல்ல வேண்டிய கடைசி வசனம் ஒரே ஒரு பிரெஞ்சுச் சொல்: "அதியூ". ஒரேயடியாகப் பிரிகிறவர்கள் சொல்வது. அந்த ஒரு சொல்லுக்கே மூன்று வாரம் ரிகர்சல் போனது.

விழாவன்று மதியம் அவனுடைய தாய்மாமா கருப்பையா ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். கையில் சரிகைப் பொன்னாடை.

"எங்க மாப்ள எந்த எடத்துல நல்லா நடிப்பான், டீச்சரம்மா?"

"கடைசி சீன்தாண்ணே. அதுலதான் பேர் வாங்குவான்" என்றேன்.

நான் செய்த தவறு அதுதான். ஊர்த் திருவிழா நாடகங்களில் ஒருவர் நன்றாக நடித்தால் அந்த இடத்திலேயே மேடையேறிப் பொன்னாடை போர்த்திவிடுவார்கள். நாடகம் முடியட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. தெரிந்த விஷயம்தான், மறந்து தொலைத்தேன்.

3. சாவு

முத்துப்பாண்டி விஷம் குடித்தான். "அதியூ" என்றான், சுத்தமான உச்சரிப்பு. விழுந்தான். நாயகி விம்மினாள். முதல்வர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றியதை பேக்ஸ்டேஜிலிருந்து பார்த்தேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த நேரத்தில் கருப்பையா மேடையேறினார்.

பொன்னாடையை விரித்தவர் கீழே பார்த்துத் திகைத்து நின்றுவிட்டார். கிடக்கிற உடம்பின்மேல் உறவுக்காரர் போர்த்தும் துணிக்கு எங்கள் பக்கம் கோடி என்று பேர். செத்தவர்களுக்குப் போடுவது.

"ஏ மாப்ள, எந்திரிடா! கெடக்குறவனுக்கு என் கையால போத்த மாட்டேன்."

அவன் அசையவில்லை. செத்த பிறகு அசைந்தால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டியிருந்தவள் நான்தானே!

"எந்திரிடாங்கிறேன்ல! ஒங்காத்தாளுக்கு நான் என்னடா பதில் சொல்ல?" மாமாவின் குரல் உடைந்துவிட்டது.

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. பிணம் எழுந்து நின்று கும்பிட்டது. மாமா பொன்னாடையைப் போர்த்தினார். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. பிரெஞ்சு வகுப்புக்கு இன்றோடு மங்களம் என்று நான் திரைக் கயிற்றைப் பிடித்தேன்.

பொன்னாடையோடு நின்ற முத்துப்பாண்டி மெதுவாக நெஞ்சைப் பிடித்தான். குடித்த விஷம் உள்ளேதானே இருக்கிறது! நாயகியைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். மூன்று வாரம் படித்த பிரெஞ்சு வாயில் வரவில்லை.

"போயிட்டு வாரேன், மாமா" என்று சொல்லி அவர் தோளிலேயே சாய்ந்தான்.

மாமா அவனைக் கீழே விடாமல் தாங்கிக்கொண்டார். சிரிப்பு அப்படியே அடங்கியது. வேனில் வந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நானும் கயிற்றைப் பிடித்தபடி அழுதேன். சிரிப்பும் அழுகையும் ஒரே மேடையில் என்று வருடாவருடம் ஒப்பித்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். பாடம் எடுக்கிற இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பார்க்க வருகிறவர்களுக்கும் மேடையில் கொஞ்சம் இடம் விடுங்கள்.

முதல்வர் பேக்ஸ்டேஜுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஒங்க ஹீரோ எத்தன தடவ சாவான், மேடம்?"

"நான் எழுதுனது ஒரு தடவதான் சார்."

"அடுத்த வருஷமும் சாகட்டும்" என்றார்.