தவமலர் சொன்ன பார்லித் தண்ணி

ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் வீதிப் பக்கமிருந்த ஒரு பலசரக்குக் கடையில் தவமலர் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, மூன்று பிள்ளை பெற்றவள். சாமான் வாங்க வரும் கர்ப்பிணிகள் அவளிடம் கைவைத்தியம் கேட்காமல் போகமாட்டார்கள். வாந்திக்கு இஞ்சிச் சாறும் தேனும், நெஞ்செரிச்சலுக்குச் சீரகத் தண்ணி, மலச்சிக்கலுக்கு ஊறவைத்த திராட்சை வற்றல். சொன்னது பலிக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தொண்ணூற்றேழு ஆகஸ்டில் சென்னைப் பெண் ஸ்வர்ணா வந்தாள். ஏழாம் மாதம். முன்பு அவள் வாந்தியை நிறுத்தியது தவமலர் சொன்ன இஞ்சிதான்.

"ஆன்ட்டி, ரெண்டு நாளா ஒரே தலைவலி. முகமெல்லாம் வீங்கியிருக்கு, ஷூ போட முடியல. கண்ணு முன்னாடி பளிச்சு பளிச்சுன்னு மின்னுது. டாக்டருக்கு போன் பண்ணட்டுமா?"

"இந்த வெக்கைக்குத்தான் பிள்ளை. பார்லியை அவிச்சு அந்தத் தண்ணியைக் குடியும், வீக்கம் வத்தும். சுக்கை உரைச்சு நெத்தியில பூசும்."

ஸ்வர்ணா போன் பண்ணவில்லை.

மூன்று வாரம் கழித்து அவள் கணவன் மணியன் கடைக்கு வந்தான். பிரஷர் ஏறி, வலிப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் வயிற்றில் குழந்தை போய்விட்டதாம்.

"அவ பொழச்சுட்டா ஆன்ட்டி. நீங்க சொன்னீங்கன்னு அந்த பார்லித் தண்ணிய ஒரு வேளை விடாம குடிச்சா."

அவன் குறை சொல்ல வரவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு யார் 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டாலும் ஸ்வர்ணாவின் குரலாகவே கேட்டது. பார்லி அடுக்கிய வரிசைக்குப் போனால், வீங்கிய காலை மாற்றி மாற்றி ஊன்றியபடி யாரோ அங்கே பதிலுக்குக் காத்து நிற்பது போலிருக்கும். திரும்பிப் பார்த்தால் பருப்பு மூட்டைகள்தான்.

அடுத்த வருஷம் அனந்தலக்ஷ்மி என்ற கர்ப்பிணி அதே தலைவலியோடும் வீக்கத்தோடும் வந்து நின்றாள். தவமலர் மருந்து சொல்லவில்லை. கல்லாவைப் போட்டது போட்டபடி விட்டு, "காரில ஏறும்" என்று ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். குறைமாதத்தில் பிறந்தாலும் குழந்தை தங்கிவிட்டது. பின்னொரு நாள் ஸ்வீட்டோடு வந்து அனந்தலக்ஷ்மி அவள் கையைப் பிடித்து அழுதாள்.

அன்று சாயங்காலம் தவமலர் மணியன் வீட்டுக்கு போன் பண்ணினாள். ஸ்வர்ணாதான் எடுத்தாள்.

"பிள்ளை, டாக்டரைக் கேக்கட்டோ எண்டு நீர் கேட்டனீர். நான்தான் உம்மை மறிச்சுப் போட்டன்."



"தெரியும் ஆன்ட்டி" என்றாள் ஸ்வர்ணா.

ஆனாலும் அவள் போனை வைக்கவில்லை.